காதில் சொல்ல வேண்டிய பேர்

ராகு காலம் பத்தரைக்குத்தான் முடிகிறது. அதுவரை பிள்ளைக்குப் பேர் வைக்க முடியாது, அதனால் இட்லி சாப்பிட்டவர்கள் இன்னொரு தடவை காபி குடிக்கிறார்கள், சாப்பிடாதவர்கள் சாப்பிட்டவர்களை விசாரிக்கிறார்கள், நான் மட்டும் வாடகைக்கு எடுத்த இந்த எவர்சில்வர் தொட்டிலின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை, ஆனால் எழுந்தால் அந்தப் பக்கத்திலிருந்து தம்பி சோணை பார்ப்பான், இந்தப் பக்கத்திலிருந்து அவன் பெண்டாட்டி மேகலா பார்ப்பாள், ஒரே நேரத்தில் இரண்டு பேரும் என்னைப் பார்த்து ஒரே மாதிரி சிரிப்பார்கள், அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் உட்கார்ந்த இடத்திலேயே வேர் விட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைக்கு அத்தை நான் ஒருத்திதான். எங்கள் வீட்டு வழக்கத்தில் அத்தைக்காரிதான் பிள்ளையின் காதில் பேரை மூன்று தடவை சொல்ல வேண்டும், பிறகு நிமிர்ந்து சபைக்கும் சொல்ல வேண்டும், அவள் வாயில் என்ன வந்ததோ அதுதான் பேர், அப்பன் ஆத்தாள் கூட மாற்ற முடியாது. காலையில் சோணை என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் டேங்க் பின்னால் நிறுத்தி, "அக்கா, அப்பத்தாதான் வந்து பெறந்துருக்கு. நீ மாயக்காள்னு சொல்லிரு. நீ சொல்லிட்டா மேகலா ஒண்ணும் பேச மாட்டா" என்றான். கீழே இறங்கி வந்தால் அடுப்படியில் மேகலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, தப்பா எடுத்துக்கிறாதீங்க. பதினோரு வருசம் கழிச்சுப் பெத்துருக்கேன். தன்விகான்னு மனசுக்குள்ள கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிட்டேன். நீங்க சொல்லிட்டா உங்க தம்பி ஒண்ணும் பேச மாட்டாரு" என்றாள். இரண்டு பேருக்கும் நான் சொன்ன பதில் "ம்". அந்த ஒரு எழுத்தில் இரண்டு பேரும் சந்தோஷமாகப் போய்விட்டார்கள், அகப்பட்டுக்கொண்டது நான்.

மாயக்காள் என்பது அப்பத்தா பேர். என் பேரும் அதுதான். அப்பாவைப் பெற்றவள் பேரை மூத்த பேத்திக்கு வைப்பது எங்களில் பேச்சே இல்லாமல் நடக்கிற காரியம், அப்பத்தாவுக்கே அவளுடைய அப்பத்தா பேர்தானாம், அதற்கு முன்னால் எத்தனை மாயக்காள்கள் வரிசையாக நின்றார்களோ தெரியாது. வைத்தது என்னவோ வைத்துவிட்டார்கள், கூப்பிடத்தான் ஆள் இல்லை. மாமியார் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று அம்மா என்னைப் பாப்பா என்றாள், ஐம்பத்திரண்டு வயதிலும் பாப்பா, சம்பந்தி வீட்டார் முன்னால் கூடப் பாப்பா. பெற்ற தாய் பேரைச் சொல்லி அதட்ட அப்பாவுக்கு மனசு வராது, அவர் ஆத்தா என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்தால் இன்னும் வேடிக்கை. மாமியார் பேரைச் சுமந்துகொண்டு நிற்கிற என்னை வாடி போடி என்று சொல்ல நாக்கு எழாது, பல்லைக் கடித்துக்கொண்டு, "அவுகளை வந்து பாத்திரத்தைக் கழுவிட்டு அப்புறமா வெளையாடப் போகச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். மரியாதையோடு நான் வாங்கிய திட்டு எங்கள் தெருவிலேயே யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். அப்பத்தாவோ தன் பேரைத் தானே எப்படிக் கூப்பிடுவது என்று, "ஏ எம்பேருக்காரி!" என்பாள். தம்பி சோணைக்கு நான் வெறும் அக்கா. ஆகக் கூடி வீட்டில் நான்கு பேர், நாலு பேரும் என் பேரைச் சொன்னதில்லை, பள்ளிக்கூடத்தில் மட்டும் சொன்னார்கள், சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். மாயக்கா, மாயக்கா என்று என்னைவிட மூத்த பையன்கள் எல்லாம் அக்கா போட்டுக் கூப்பிட்டார்கள், வருகைப் பதிவு எடுக்கிற வாத்தியார் ஒருத்தர், "இந்த வயசுல உனக்கு நான் தம்பியா?" என்று கேட்டு வகுப்பையே சிரிப்பில் உருட்டிவிட்டார். கல்லூரிக்குப் போன அன்றைக்கே மாயா ஆகிவிட்டேன். அப்பத்தாவிடம் சொன்னபோது அவளுக்குக் கோபமெல்லாம் வரவில்லை, வெற்றிலையை மடித்தபடி, "மாயா சரி, மிச்சம் எங்க?" என்று கேட்டாள். மிச்சத்தைப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் வைத்திருக்கிறேன் என்றேன். "பத்திரமா வையி, தேடுவ" என்றாள். இல்லை, தேடுவ என்றாளா, தேவைப்படும் என்றாளா, அவள் சொன்னதை எல்லாம் இப்போது நான் எனக்கு வசதியாகத் திருத்திக்கொள்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. செத்துப்போனவர்களுக்கு நாம் எழுதிக்கொடுக்கிற வசனம் கொஞ்சமா. ஒன்று நிச்சயம், அவள் எதையும் மெதுவாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

மெதுவாகப் பேசவே தெரியாதவள் அவள். கல்யாணமாகி வந்த கையோடு பஞ்சு மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிற பகுதியில் வேலைக்குச் சேர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் அந்த இரைச்சலுக்குள் நின்றவள், அந்த இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பேசியே தொண்டை அப்படி அமைந்துவிட்டது. வெளியே வந்த பிறகும் மெஷின் ஓடுகிறது என்ற நினைப்பிலேயே பேசுவாள். அவள் வீட்டுக்குள் ரகசியம் பேசினால் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுகிறவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். கோன் பகுதிப் பெண்களுக்கு இன்னொரு வித்தை உண்டு, மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள், சூப்பர்வைசரை அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்று சத்தமில்லாமல் திட்டித் தீர்த்துவிடுவார்களாம். கடைசியில் காது சுத்தமாக அடைத்துப்போன பிறகும் அப்பத்தாவுக்கு அந்த வித்தை போகவில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் காலடியில் நின்று சின்ன வயசு டாக்டர் சோணையிடம், "பாட்டிக்கு வயசாயிருச்சு, இனி நம்ம கையில இல்ல" என்று ரகசியக் குரலில் சொல்ல, படுத்திருந்தவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆனது ஆகட்டும்யா, நீ சாப்பிட்டியா? மூஞ்சி வாடிக் கெடக்கு" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி போட்டாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள். அன்றைக்கு டாக்டர் எங்களுக்குச் சொன்ன கணக்கைத் தாண்டி ஒரு தீபாவளி சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது, தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தானாகச் சிரிக்கிறேன், எதிரே இருக்கிற பெரியம்மா என்ன நினைப்பாளோ. நினைக்கட்டும். தன்விகா என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன் மேகலாவிடம், போனைப் பார்த்துச் சொல்கிறேன் மதினி என்றாள். அர்த்தம் தெரியாத பேரில் ஒரு சௌகரியம் இருக்கிறது, பிள்ளை போய்த் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் போட்டுக்கொள்ளலாம். மாயக்காளுக்கு அது முடியாது, மாயக்காள் என்றாலே இந்தத் தெருவில் கஞ்சித்தொட்டி ஞாபகம் வந்துவிடும்.

மில்லைப் பூட்டிய வருஷம் அது, நான் மூன்றாம் வகுப்பு. மாசக் கணக்கில் கதவு திறக்கவில்லை, எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. முச்சந்தியில் கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றி, வீடு வீடாக ஒரு கைப்பிடி அரிசி, ஒரு துண்டு விறகு என்று வாங்கி, கஞ்சித்தொட்டி திறந்தது அப்பத்தாதான், சங்கத்து ஆட்கள் கூட்டம் போட்டு முடிவெடுப்பதற்குள் இவள் கஞ்சியை இறக்கிவிட்டாள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். மத்தியானம் ஆனால் தெருவே தட்டோடு நிற்கும். நானும் நிற்பேன், ஆனால் கடைசியில். "எம்பேருக்காரி பின்னாடி போ" என்று அண்டாவுக்கு மேலிருந்து அப்பத்தா போடுகிற சத்தத்துக்கு வரிசையே திரும்பிப் பார்க்கும். யார் வந்து எனக்கு முன்னால் நின்றாலும் நான் இன்னும் ஒரு ஆள் பின்னால் போக வேண்டும், சொந்தப் பேத்தி முதலில் குடித்தால் கஞ்சித்தொட்டிக்கு மரியாதை இல்லையாம். கடைசித் தட்டில் எனக்கு ஊற்றியது போக அண்டாவில் ஒட்டியதை வழித்து அவள் குடிப்பாள், குடித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவாள். அடியில் கிடக்கிறதுதான் ருசி என்று எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும் என்பது போல. பசியோடு நின்ற நாட்களை இவ்வளவு சந்தோஷமாக நினைக்கலாமா என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு அது சந்தோஷம்தான், அவள் பேரை வைத்திருந்ததால் கிடைத்த கடைசி இடம். அந்த இடத்தை வேறு யாருக்கும் தந்திருக்க மாட்டேன். பிறகு மில் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது, அப்பத்தா ரிட்டையர் ஆனாள், அதன் பிறகுதான் அவளுக்கு வேலையே கூடியது, தெருவில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் வெற்றிலைப் பெட்டியோடு இவள் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பாள், உள்ளே வலியில் கத்துகிறவளுக்கு வெளியிலிருந்தே, "நல்லா முக்குடி, நான் இங்கதான் இருக்கேன்!" என்று பதில் கத்துவாள், காவலாளி வந்து சொன்னால் அவனுக்கும் ஒரு வெற்றிலை கொடுப்பாள். எனக்கு முதல் பிள்ளை பிறந்தபோது அந்தச் சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தைரியம் வந்தது. இப்படிப்பட்டவள் பேரை இந்தப் பிள்ளைக்கு வைக்க எனக்கென்ன கசக்கிறதா? சோணை கேட்டதும் சட்டென்று சரி என்றிருக்க வேண்டும். அவன் "மாயக்காள்னு சொல்லிரு" என்றபோது எங்கேயோ சுருக்கென்றது. ஏன் சுருக்கென்றது? மேகலாவை நினைத்தா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களே என்றா? அதெல்லாம் இல்லை. இது வேறு ஏதோ ஒன்று, விரலில் முள் இருக்கிறது, எந்த இடம் என்று தெரியவில்லை, தடவினால் மட்டும் குத்துகிறது.

மணி பத்தைத் தாண்டிவிட்டது. சவுண்ட் சர்வீஸ் பையன் மைக்கைத் தட்டிப் பார்க்கிறான். பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சப்புகிறாள், உச்சி மெத்தென்று ஏறி இறங்குகிறது, அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது, இவ்வளவு சின்ன உச்சிக்குள் ஒரு முழுப் பேரையும் எப்படி இறக்கி வைப்பது. அப்பத்தா போன நாலாம் மாசம் பிறந்தவள். போனது என்றால் சாதாரணமாகப் போகவில்லை, தொண்ணூற்றேழு வயது, கல்யாணச் சாவு, தப்பும் மேளமும் வெடியுமாகத் தெருவே கிறங்கிப்போய்விட்டது, இறுக்கமான ஆள் என்று நான் நினைத்திருந்த என் வீட்டுக்காரர் பாடைக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். கூத்து அதற்கும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது, போஸ்டரில். மதுரையில் செத்தால் போஸ்டர் இல்லாமல் சாக முடியுமா. சோணையின் சிநேகிதர்கள் விடிவதற்குள் ஆரப்பாளையம் முழுக்க ஒட்டித் தள்ளிவிட்டார்கள், 'எங்கள் ஆலமரமே' என்று மேலே போட்டு, கீழே ஆளுயர எழுத்தில் மாயக்காள் என்று பேர். போட்டோதான் வினை. வயதான பிறகு போட்டோ எடுக்க அப்பத்தா சம்மதித்ததே இல்லை, வீட்டில் இருந்தது மில்லை விட்டு வந்த அன்றைக்கு எடுத்தது ஒன்றுதான், அதில் அவளுக்கு ஏறக்குறைய என் வயசு, அதே நெற்றி, அதே மூக்கு, நடு வகிடு கூட அதே. காலையில், நான் டீச்சராக இருக்கிற, பதிவேட்டில் மட்டும் என் முழுப் பேர் கிடக்கிற பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ஒரு ரோஜா மாலையும், பின்னால் ஏழாம் வகுப்பில் பாதியுமாக வந்து சேர்ந்தார். நான் வாசலில் நின்று வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "டீச்சர்... இருக்கீங்களா?" என்றார். "நான் இருக்கேன் சார். எங்க அப்பத்தா சார்" என்றேன். கையில் மாலையோடு மனுஷன் வியர்த்து நிற்க, பின்னாலிருந்து ஒரு குரல், "அப்ப நாளைக்கு லீவு கிடையாதா டீச்சர்?" கூடத்தில் தலையை விரித்துப்போட்டு அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அவள் சிரித்ததில் தோள் குலுங்கியது, துக்கத்துக்கு வந்தவர்கள் பாவம் எப்படித் தேம்புகிறாள் பார் என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அப்பத்தா இருந்திருந்தால் ஹெட்மாஸ்டர் சாப்பிட்டாரா என்று முதலில் கேட்டிருப்பாள்.

அன்றைக்குச் சாயந்திரம் எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு ஈரத்தலையோடு தெருமுனை வரை தனியாக நடந்தேன், சுவருக்குச் சுவர் என் பேர். மாயக்காள், மாயக்காள், மாயக்காள். பயம் வரவேண்டிய இடம் அது. ஒரு நாள் இதே சுவரில் இதே பேர் மறுபடி வரும், அன்றைக்கு நாற்காலி போட நான் இருக்க மாட்டேன் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் பயத்தோடு கூடவே இன்னொன்றும் வந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என்ன என்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது தொட்டில் பக்கத்தில் அது மறுபடி அசைகிறது. மாயக்காள், தன்விகா. தன்விகா, மாயக்காள். அப்பத்தாவிடமே கேட்டிருக்கலாம், மேகலா உண்டாகியிருந்தபோது கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால், "பேரு கெடக்கு பேரு, வயித்துப்பிள்ளைக்காரிக்கு மாதுளம்பழம் வாங்கிக் குடுத்தீகளா?" என்றிருப்பாள், வாங்கப் போகிற ஆளையும் அவளே தெருவிலிருந்து சத்தம் போட்டுப் பிடித்திருப்பாள். அம்மா இதோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் காலையில் அடுப்படியை விட்டு வந்த கையோடு கேட்டேன். "எனக்கென்ன, எந்தப் பேரானாலும் சரிதான் பாப்பா. அவுக பேரு வச்சா இவளையும் பாப்பான்னு கூப்பிடுவேன். நீ பெரிய பாப்பா, இவ சின்னப் பாப்பா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போதும் சுருக்கென்றது. அதே இடம்.

"டைம் ஆயிருச்சு, அத்தைக்காரி குனியலாம்" என்கிறார் யாரோ. சோணை பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைக்கிறான், வைக்கும்போது என் கையை ஒரு அழுத்து அழுத்துகிறான். மேகலா கும்பிடுகிற மாதிரி விரல்களைக் கோத்துக்கொண்டு நிற்கிறாள். வெற்றிலையைக் காதோரம் மறைப்பாகப் பிடிக்கிறேன். பால் வாசனை, வசம்பு வாசனை. பிள்ளை விழித்துக்கொண்டாள், ஒரு கண்ணை மட்டும் திறந்து என் வாயையே பார்க்கிறாள். குனிகிறேன். மா என்று உதடு கூடிவிட்டது. கூடினது கூடினபடி நிற்கிறது, பிரியவில்லை. முள் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது. கொடுக்க மனசில்லை. அவ்வளவுதான், எனக்குக் கொடுக்க மனசில்லை! ஐம்பத்திரண்டு வருஷமாக இது அவளுடைய பேர், நான் கூட ஒட்டிக்கொண்டிருந்தேன், நான் போகிற இடமெல்லாம் அவள் எனக்கு முன்னாலேயே போய் அந்தப் பேருக்குள் உட்கார்ந்திருந்தாள், கூசிக்கொண்டு பாதியை வெட்டிப் போட்டேன். அன்றைக்குச் சாயந்திரம் தெருமுனையில்தான் முதல் தடவையாக அது முழுசாக என் கைக்கு வந்தது. கஞ்சியும் மில்லும் ஆஸ்பத்திரி வராந்தாவும் எல்லாம் அதில் இருக்க, அதை நான் இன்னும் ஒரு நாள் கூட நிம்மதியாக உடுத்திப் பார்க்கவில்லை, அதற்குள் கழற்றிக் கொடு என்றால்? மாட்டேன். இது பேராசைதான், நல்ல பேராசை, சந்தோஷமாக இருக்கிறது, இவ்வளவு சந்தோஷமாக ஒரு பொருளை எனக்கு வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை. பிள்ளையின் காதுக்குள் தன்விகா என்றேன். தன்விகா. மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் என் மூக்கைப் பிடித்துவிட்டாள், அதனால் அந்தத் தன்விகா கொஞ்சம் சளி பிடித்த தன்விகா.

நிமிர்ந்தேன். "என்ன பேருக்கா?" என்று சோணை கேட்டான், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மைக்கை வேறு நீட்டினான். "தன்விகா" என்றேன். மேகலா ஓடி வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சோணை முகம் சுருங்கிப்போனது, சின்னப் பிள்ளையில் பலூன் உடைந்தால் ஆகிற முகம், அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "ஏன்க்கா, அப்பத்தா பேரு அவ்வளவுதானா? அதோட போச்சா?" என்றான். மைக் இன்னும் என் வாய்க்கு நேராகத்தான் இருந்தது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை.

"எங்கடா போச்சு? மாயக்கா நான் ஒருத்தி இங்க உக்காந்துருக்கேன்ல. நான் இருந்து முடிச்சுட்டுத் தாரேன், அதுவரைக்கும் கேக்காத!"